தங்கைக்கு லண்டன் பிடிக்கக் கூடாது

கோலா சிலாங்கூரில் காலை நடைக்கு என்னோடு வரும் ஓய்வூதியக்காரர்கள் நான்கு பேர். நான் லண்டன் போய்த் திரும்பியதிலிருந்து அவர்களுக்கு ஒரே கேள்விதான். அந்த ஊர் நம் வயதுக்கும் வாய்க்கும் முட்டிக்கும் ஒத்து வருமா? எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது. ஒன்பது நாளும் நான் லண்டனைப் பார்க்கவில்லை. லண்டனைப் பார்க்கும் என் தங்கையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த ஊர் பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போனவன் நான். அதை மறைத்துவிட்டுப் பாலங்களைப் பற்றியும் பேருந்துகளைப் பற்றியும் எழுத எனக்கு வரவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணி. ஆபீஸில் இளைய எழுத்தர். லயம் என்னும் வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். பெயர் பார்த்துப் பிரித்து, சாயங்காலம் சன்னல் வழியாகக் கூப்பிட்டுக் கொடுப்பது என் வேலை. தங்கை தனலெட்சுமி அப்போது பள்ளி இறுதி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்திருந்தாள். நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்க லண்டன் மருத்துவமனை ஒன்றிலிருந்து கோலாலம்பூருக்கு வந்திருந்தார்கள். அப்பாவோடு போய் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து வந்தாள். இரண்டு மாதம் கழித்து அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. பிரித்துப் படித்தேன். அவளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைக்குப் போய், அடுப்பில் அதைப் போட்டேன்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு பெண் துணை வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதது உண்மை. ஆனால் அடுப்பின் முன்னால் நின்றபோது அம்மா என் நினைவில் இல்லை. குடும்பத்தில் படித்தவன் என்று பெயர் வாங்கியவன் நான், பக்கத்து ஊரான கிள்ளானைத் தாண்டியதில்லை, இவள் விமானம் ஏறுவதா என்பதுதான் இருந்தது.

பிறகு நான் ஆசிரியரானேன், தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். தனம் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலைக்குப் போனாள். ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் விடியற்காலையில் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை மத்தியானம் வரை பார்த்துக்கொள்ளும் வேலை. லோரி ஓட்டுநர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு சுங்கை ஆயர் தாவார் போனாள். அவர் இப்போது இல்லை. என் மனைவி இறந்தும் மூன்று வருஷமாகிறது. கடிதத்தைப் பற்றி நான் அவளிடம்கூடச் சொன்னதில்லை.

என் மகன் அமுதனுக்கு லண்டனில் இரண்டு வருஷ வேலை. "அப்பா, அத்தையையும் கூட்டிட்டு வாங்க. ஊரு புடிச்சிருந்தா வருஷா வருஷம் வரலாம்" என்றான். எனக்கு வேறொரு திட்டம் இருந்தது. தனம் ஒருமுறை, ஒரே ஒருமுறை, "என்ன ஊருண்ணே இது" என்று முகம் சுளித்துவிட்டால் போதும். நான் எரித்தது அவள் எப்படியும் விரும்பியிருக்காத ஒன்றைத்தான் என்று மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன்.

முதல் நாள் எல்லாம் எனக்குச் சாதகமாகவே இருந்தது. ஏப்ரல் மாதம், ஆனால் முகத்தில் ஐஸ் கட்டியை வைத்துத் தேய்த்தது போன்ற காற்று. அமுதனின் வீடு மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது. கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. தனம் அதை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, இதோ சொல்லப்போகிறாள் என்று நின்றேன். அவள் பையைத் திறந்து, பச்சை நிறப் பிளாஸ்டிக் குவளை ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள்.

"இதயா விமானத்துல தூக்கிட்டு வந்த?"

"பின்ன? வெள்ளக்காரன் ஊருல இது இருக்காதுன்னு அந்தக் காலத்துலயே விசாரிச்சு வச்சிருந்தேன்."

அந்தக் காலத்துலயே என்றால் எந்தக் காலம் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பேருந்தில் ஏறினோம். நண்பர்களுக்கு ஒரு தகவல்: சில்லறையைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே பேருந்தில் காசு வாங்க மாட்டார்கள். நான் நாணயங்களை நீட்ட, ஓட்டுநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையாட்டினார். அமுதன் கொடுத்த பயண அட்டைகளைப் பிறகுதான் தேடி எடுத்தேன். கோலாலம்பூர்ப் பேருந்தில் ஏறும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். லண்டனில் ஏறும்போது மட்டும்தான். தனம் இறங்கும்போது கதவை மறித்து நின்றுகொண்டு, தட்டுவதற்கு இடம் தேடினாள். பின்னால் ஒன்பது பேர். "தேவையில்லை அம்மா, இறங்குங்கள்" என்று ஒருவர் சொன்னார். தனம் நம்பவில்லை.

"அப்பறம் ரெண்டு மடங்கு வெட்டிருவான்லா, எனக்குத் தெரியும்!"

கதவை மூட முடியாமல் ஓட்டுநர் காத்திருந்தார். யாரும் கத்தவில்லை. எங்கள் ஊரில் இந்நேரம் ஓட்டுநர் ஹாரனில் கை வைத்திருப்பார்.

அன்று திரும்பும்போது பேருந்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தாய் இளம்பெண், தள்ளுவண்டியை ஆட்டி ஆட்டிக் களைத்திருந்தாள். தனம் குனிந்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் கொடுத்தாள். நாற்பது குழந்தைகளை ஒரே கொட்டகையில் அடக்கிய சத்தம் அது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தது. தாய் நிமிர்ந்து கேட்டாள்: "நீங்கள் நர்ஸா?"

தனம் சிரித்தாள். தன் ஐந்தாம் படிவ ஆங்கிலத்தில், "இல்லை, எஸ்டேட்" என்றாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆற்றுக்குப் போனோம். தேம்ஸ் அவளை ஏமாற்றும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. அது எங்கள் சிலாங்கூர் ஆற்றைப் போலவே சேற்று நிறம். நீர் வற்றும் நேரம் வேறு. கரையில் சேறும் கல்லும் பாசி பிடித்த கட்டைகளும் தெரிந்தன. கோலா சிலாங்கூர் மீன்பிடிப் படகுத்துறையில் அடிக்கும் வாசனையில் பாதி இங்கேயும் அடித்தது.

"இதுக்கா உலகமே வருது?" என்றாள் தனம். என் மனம் துள்ளியது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "நம்ம ஆறு மாதிரியேதான் இருக்குண்ணே. தெரிஞ்ச எடத்துக்கு வந்தாப்ல இருக்கு. பயமே வரல."

மத்தியானம் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிப் பூங்காவில் உட்கார்ந்தோம். மீன் முழங்கை நீளம்; உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நான் வாயைத் திறக்கும் முன்பு தனம் பையிலிருந்து நெத்திலிச் சம்பல் போத்தலை எடுத்தாள். வறுவலில் வினிகர்க் காடியைத் தெளித்து, மேலே சம்பலைத் தடவி, ஒரு வாய் தின்றாள். பக்கத்துப் பெஞ்சில் இருந்த கிழவர் மூக்கை உயர்த்திப் பார்த்தார். அவருக்கும் ஒரு துண்டு போனது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு துண்டு கேட்டார். குழாயில்லாத கழிவறைக்கு எதிராக, சேற்று ஆற்றுக்கு எதிராக, உப்பில்லாத மீனுக்கு எதிராக என் தங்கை ஒவ்வொன்றாக மருந்து வைத்திருந்தாள். நான்தான் அந்த ஊரோடு தோற்றுக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை பசியாறும்போது தனம் ரொட்டியைத் தேநீரில் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, இன்னிக்கி அந்த ஆஸ்பத்திரியப் பாத்துட்டு வருவமா?"

"எந்த ஆஸ்பத்திரி?"

"அதான், என்னய வேணாம்னு சொன்னது." மருத்துவமனையின் பெயரைச் சரியாகச் சொன்னாள்.

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். வேணாம்னு சொன்னது. கடிதம் வரவில்லை என்றுதான் வீட்டில் அன்று பேச்சு. தபால் தொலைந்திருக்கும், கொடுப்பினை இல்லை என்று அவள் நினைத்திருப்பாள் என்றே நான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். ஆபீஸ் சன்னலில் போய், எனக்குக் கடிதம் வந்ததா என்று கேட்கும் பழக்கம் லயத்து ஆட்களுக்குக் கிடையாது. கூப்பிட்டால் போவார்கள். கூப்பிடவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம். சன்னலுக்கு உள்ளே இருந்தவன் சொந்த அண்ணன் என்றாலும் அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். தன்னைப் பார்த்துப் பேசி, எடைபோட்டு, கழித்துவிட்டார்கள் என்று.

அன்று நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே வேறு பேருந்தில் ஏற்றினேன். ஊரைச் சுற்றிவிட்டு, வழி தவறிவிட்டது என்று சொல்லித் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அரை மணி நேரம் போன பிறகு, இந்தப் பேருந்து இத்தோடு நிற்கிறது, எல்லாரும் இறங்கவும் என்று அறிவிப்பு வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பயணிகள் முணுமுணுப்புகூட இல்லாமல் இறங்கி நடந்தார்கள்.

ஒரு கடை வாசலில் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நம்மைப் போன்ற நிறம், ஆனால் தமிழரில்லை. அப்படி ஒருவரைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாயில் தானாக மலாய்தான் வரும். "பாங், ஹோஸ்பிடல் டி மானா?" என்று ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தைக் கேட்டு, அதன் பெயரையும் தனம் சொன்னாள். அவர் திகைத்தார். ஆனால் ஹோஸ்பிடல் புரிந்துவிட்டது. பழத்தைக் கீழே வைத்துவிட்டு, தெருமுனை வரை கூடவே வந்து, எந்தப் பேருந்து, எத்தனையாவது நிறுத்தம் என்று விரலை மடக்கிச் சொல்லிக் கொடுத்தார்.

"பாத்தியாண்ணே, நீ தப்பா ஏத்திவிட்டாலும் நான் போயிருவேன்" என்று தனம் சிரித்தாள்.

மருத்துவமனை பழைய செங்கல் கட்டடம் ஒன்றும் புதிய கண்ணாடிக் கட்டடங்கள் பலவுமாக இருந்தது. வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே ஏற்கெனவே ஒரு கறுப்பினப் பெண்மணி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது, ஊதா நிறத் தொப்பி. பெயர் வெல்மா. ஜமைக்காவிலிருந்து பதினெட்டு வயதில் வந்து, இதே மருத்துவமனையில் ஓய்வு பெறும் வரை நர்ஸாக இருந்தவர். இப்போது கண் சிகிச்சைக்காகக் காத்திருந்தார்.

"நானும் விண்ணப்பித்தேன்" என்று தனம் சொன்னாள். "என்னை எடுக்கவில்லை. ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன்."

"என்ன கேள்வி?"

"நோயாளி குளிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேசுவேன், அவர் தேநீர் குடித்து முடித்த பிறகு மறுபடியும் கேட்பேன் என்றேன். டாக்டரைக் கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்ததும்தான் தோன்றியது."

வெல்மா ரொட்டியை மடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அன்பே, குளிக்கவில்லை என்று டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் உன்னை அன்றைக்கே துரத்தியிருப்பார்கள். நீ சொன்னதுதான் சரியான பதில். நாங்கள் நாற்பது வருஷம் செய்ததும் அதுதான்."

அவருடைய நேரம் வந்துவிட்டது. தனத்தின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். தனம் அவர் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் ஏண்ணே எடுக்கல?"

இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டது ஐம்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"எடுத்தாங்க, தனம்."

"என்னா?"

"ஒன்ன எடுத்தாங்க. கடுதாசி வந்துச்சு. நான்தான் ஒங்கிட்ட குடுக்கல."

அவள் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாஸா?" என்றாள்.

"பாஸ்."

நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது. பரீட்சை முடிவு வந்த நாளில் பள்ளிக்கூடத்தில் நான் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்த முகம். ஓர் ஆம்புலன்ஸ் உள்ளே திரும்பி வந்து நிற்கும் வரைதான் அது இருந்தது.

"கடுதாசி எங்க?"

"எரிச்சிட்டேன்."

"என்னா எழுதியிருந்துச்சு?"

எனக்கு அது மனப்பாடம். செப்டம்பர் முதல் வாரம் வந்து சேர வேண்டும். தாழ்ந்த குதிகால் உள்ள கறுப்புச் சப்பாத்து இரண்டு ஜோடி, கம்பளிக் கோட்டு ஒன்று கொண்டுவர வேண்டும். உங்கள் பதில்கள் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. ஆங்கிலத்தில் அப்படியே ஒப்பித்தேன். கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"ஏன் குடுக்கல?"

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு..." என்று தொடங்கி நிறுத்தினேன். "பொறாம. நீ போறது எனக்குப் பொறுக்கல."

தனம் முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். அதன் மேல் போட்டிருந்த கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"எந்திரி. வீட்டுக்குப் போ."

"தனம், ஒனக்கு வழி..."

"எனக்கு வழி தெரியும். நீ போ."

போனேன். எழுபத்தாறு வயதில், தெரியாத ஊரில் தங்கையை விட்டுவிட்டு வந்தவனாக மூன்று மாடி ஏறினேன். அமுதன் வந்ததும் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். "ஏம்பா?" என்றான். சன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தான். ஐந்தரை மணிக்குத் தனம் வந்தாள். "உள்ள கேண்டீன்ல சாப்பிட்டேன்டா தம்பி. நர்சுங்க கூடத்தான் உக்காந்தேன். மீனு அங்கயும் உப்பில்ல" என்று அவனிடம் மட்டும் சொன்னாள்.

அடுத்த மூன்று நாள் லண்டனைப் பற்றி என்னால் நேரில் பார்த்து எழுத முடியாது. தனம் தன் அட்டையை எடுத்துக்கொண்டு காலையில் தனியாகக் கிளம்பிவிடுவாள். நான் கீழ்த்தெருச் சலவைக் கடையில் உட்கார்ந்து, இயந்திரத்தில் மற்றவர்கள் துணி சுற்றுவதைப் பார்த்தேன். அமுதன் வழியாகத்தான் எனக்குச் செய்தி வரும். "அத்த இன்னிக்கி ரயிலு மாறிப் போயி ஏதோ பாசாருக்குப் போயிட்டாங்களாம்பா. முருங்கக்கீர கெடைக்குதாம்." முருங்கைக்கீரை அன்றைக்கே குழம்பாக வந்தது. என் தட்டிலும் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, என் முன்னால் வைப்பாள். தட்டை வைக்கும் சத்தம் மட்டும் எனக்கு.

ஏழாம் நாள் சாப்பாட்டின்போது அமுதன் பேச்சை மாற்றப் பார்த்தான். "அத்த, சொல்லுங்க. ஊரு ஒத்து வருதா? அடுத்த வருஷமும் வருவீங்களா?"

"வருவேன். தனியா வருவேன்." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "ஒத்து வந்திருக்கும்டா எனக்கு. நல்லாவே ஒத்து வந்திருக்கும்."

நான் பயந்து வந்த வாக்கியம் இதுதான். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

எட்டாம் நாள் காலை, நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேசையில் ஒரு தாளை வைத்தாள். நான்கு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அண்ணே என்று கூப்பிடவில்லை.

"வாத்தியாரே, இங்லீஸ் சரியா இருக்கான்னு பாரு."

குண்டுகுண்டான, சாயாத எழுத்து. மருத்துவமனையின் தலைமை நர்ஸுக்கு எழுதியிருந்தாள். என்னைத் தேர்ந்தெடுத்து நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பற்றி இந்த வாரம்தான் அறிந்தேன். என் அண்ணன் அதை என்னிடம் தரவில்லை. உங்கள் அழைப்புக்கு நன்றி. என்னால் வர இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். கீழே முழுப் பெயர், தோட்டத்தின் பெயர்.

இரண்டாவது வரியில் என் விரல் நின்றதை அவள் பார்த்தாள்.

"அத மட்டும் திருத்தாத."

"திருத்தல. எல்லாமே சரியாத்தான் இருக்கு."

"அப்ப கெளம்பு. நீயும் வரணும். நீ பாக்கணும்."

இந்த முறை சரியான பேருந்தில் அவள்தான் என்னை ஏற்றினாள். பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். மருத்துவமனை வரவேற்பு மேசையில் ஓர் இளம்பெண் இருந்தாள். தனம் அந்த உறையை இரண்டு கைகளாலும் நீட்டினாள். பெண் வாங்கி, மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஒரு படிவத்தையும் பேனாவையும் எங்கள் பக்கம் தள்ளினாள்.

"கொடுத்துவிடுகிறேன். பதில் வேண்டுமென்றால் உங்கள் முகவரியை இதில் எழுதுங்கள்."

தனம் படிவத்தைத் திரும்ப அவள் பக்கமே நகர்த்தினாள். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, நானும் கேட்கும்படிச் சொன்னாள்:

"வேண்டாம். இதுதான் பதில்."